உறையைப் பிடித்த கை

நாடகத்தில் வளைந்த கத்தியை உருவி உறையில் போடும் காட்சி அவளுடையது. விபத்தில் இடது கை மணிக்கட்டோடு போன பிறகும் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

“உறைய எந்தக் கையால பிடிப்ப?” என்றான் கணவன்.

“வந்து பாருங்க.”

மேடையில் கத்தி சத்தமில்லாமல் வெளியே வந்தது. திரும்பும்போது வளைவோடு வழுக்கி உள்ளே இறங்கியது. இடுப்பில் தொளதொளவென்று தொங்கிய உறை இம்மியும் அசையவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்து இருக்கைக்காரரிடம், “என் வீட்டுக்காரி” என்றான். அவனுக்குப் பெருமை தாளவில்லை.

வீட்டுக்கு நடந்தார்கள். அவளுடைய வலது கையில் கத்திப் பை. அவன் அவளுக்கு இடது பக்கமாக வந்தான்.

“கூர் பக்கம் ஒரு விரல்கூடப் படல, பார்த்தீங்களா?”

“பார்த்தேன்” என்றான்.

அவன் கையைக் கோத்திருந்த விரல்களை அவள் மெல்ல இறுக்கினாள்.