மழுங்காத ஊசி

"அக்கா, ஊசி மழுங்கிடுச்சு. மாத்திக் குடுங்க."

ஊசிக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மறுபடியும் சின்னவள்.

"காலையிலதானேம்மா புதுசு வாங்கிட்டுப் போனே?"

"ஆமாக்கா. என்னமோ தெரியலை, தையல் விட்டு விட்டு விழுது."

அந்தத் தையல் ஆலையில் ஊசி வாங்க ஒரே வழிதான். பழசை ஜன்னலில் கொடுத்தால் புதுசு கிடைக்கும். உடைந்த ஊசி என்றால் ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கிக் கொண்டுவர வேண்டும். அது போய் யார் வீட்டுக் குழந்தையின் சட்டைக்குள்ளாவது உட்கார்ந்துகொண்டால்? பழைய ஊசிகள் எல்லாம் தகர டப்பாவில் சேர்ந்து, டப்பா நிறைந்ததும் உருக்கப் போய்விடும். எது டப்பாவுக்கு, எது மெஷினுக்கு என்பதில் ஊசிக்காரம்மா வைத்ததுதான் சட்டம்.

அவள் அந்த ஊசியின் முனையை நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தாள். மழுங்கிய ஊசி நகத்தைக் கீறும். இது வழுக்கிக்கொண்டு போனது.

"நல்லாத்தானே இருக்கு?"

"இல்லக்கா, மாத்திடுங்க." சின்னவள் ஜன்னல் கட்டையில் சாய்ந்துகொண்டாள். "அவசரமில்லை. மெதுவா எடுங்க."

ஊசிக்காரம்மாவுக்கு மண்டை காய்ந்தது. மற்றவர்கள் எல்லாம் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று ஜன்னலைத் தட்டுவார்கள். இவள் மெதுவாக எடுக்கச் சொல்கிறாள்! திருடுகிறாளா என்றால், ஒன்றைக் கொடுத்து ஒன்றைத்தான் வாங்குகிறாள். சோம்பேறியா என்றால், அவள் கைவேகம் ஆலை முழுக்கத் தெரியும். பிறகு எதற்கு நல்ல ஊசியைக் கொண்டுவந்து டப்பாவில் போடுகிறாள்?

சாயங்காலம் சூப்பர்வைசரிடம் கேட்டே விட்டாள்.

"இதுகூடப் புரியலையாம்மா?" அவர் சிரித்தார். "அவளுக்குப் பின்னாடி மெஷின்ல இருக்கறது யாரு?"

"பெரியவ. அவளோட ஓரகத்தி."

"வீட்டைப் பங்கு பிரிச்சதுல ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. சின்னவ காலர் தைச்சுக் குடுத்தாத்தான் பெரியவளுக்கு வேலை. இவ எழுந்து வந்துட்டா, அவ கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும். பெரியவளுக்குக் கெட்ட பேர் வரட்டும்னுதான் இந்தக் கூத்து. பெரியவளே என்கிட்ட வந்து மூக்கால அழுதுட்டா."

"அடிப்பாவி!" என்றாள் ஊசிக்காரம்மா.

"நாளைக்கும் நல்ல ஊசியோட வந்தாள்னா உடனே எனக்குச் சொல்லுங்க. அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்."

மறுநாளும் சின்னவள் வந்து நின்றாள். ஊசிக்காரம்மா முனையை நகத்தில் இழுத்தாள். வழுக்கியது. அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"வா, உன் மெஷின்லயே மாட்டிப் பார்த்துடலாம்."

"வேண்டாங்க்கா..." சின்னவளின் முகம் வெளுத்துவிட்டது. "இங்கேயே பாருங்க. அங்க வேண்டாம்."

ஊசிக்காரம்மா காதில் வாங்கவில்லை. ஊசியும் கையுமாக விறுவிறுவென்று நடந்தாள். சின்னவள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

சின்னவளின் மெஷின் காலியாக இருந்தது. அதற்குப் பின்னால், பெரியவள் நாற்காலியைத் தள்ளிப் போட்டு, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்தபடி மெஷின் மேல் தலையைச் சாய்த்திருந்தாள். கண் மூடியிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை.

ஊசிக்காரம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆபரேஷன் பண்ணின இடம் இன்னும் ஆறலைக்கா," சின்னவள் அவள் காதருகில் கிசுகிசுத்தாள். "லீவு முடிஞ்சிடுச்சு, வந்துட்டாங்க. கையில வேலை இருக்கும்போது தலையைச் சாய்ச்சா, முடியலைன்னா வீட்டுக்குப் போன்னு சூப்பர்வைசர் அனுப்பிடுவார். வேலையே வரலைன்னா யாரும் கேக்க முடியாதில்ல?"

"இது அவளுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? நாங்கதான் பேசறதில்லையே!"

ஊசிக்காரம்மா தன் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள்.

பேச்சுச் சத்தத்தில் பெரியவள் கண் விழித்தாள். எதிரில் சின்னவளைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சில பேருக்கு ஊசி மாத்தறதே பிழைப்பாப் போச்சு," என்றாள் சுவரிடம். "அவங்களால நம்ம வேலை நிக்குது. கேக்க ஆளில்லை."

கேட்க ஆள் வந்துவிட்டார். சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வேகமாக வந்து நின்றார்.

"என்னம்மா, மறுபடியும் ஊசியா? நல்ல ஊசிதானே? சொல்லுங்க, இப்பவே கணக்கை முடிச்சிடலாம்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவள் மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஊசிக்காரம்மா ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எல்லோரும் பார்க்க, முனையை நகத்தில் வைத்து நிதானமாக இழுத்தாள். ஊசி வழுக்கிக்கொண்டு போனது.

"சுத்த மொட்டை சார்," என்றாள். "நான் வாங்கி வச்ச பெட்டியே மட்டம் போல. இன்னும் கொஞ்ச நாளைக்கு இந்தப் பொண்ணு அடிக்கடி எழுந்து வரவேண்டியிருக்கும்."