பத்து நிமிஷம் பொறுக்காதவர்கள்

"இந்த வருஷமும் பாட்டுப் போட்டியில பரிசு இல்லேன்னா, கிறிஸ்துமஸ் பூசையில கீபோர்டு வாசிக்கிற பசங்கதான் பாடுவாங்க. இப்பவே சொல்லிட்டேன், சூசையப்பன்!"

பங்குச்சாமியார் ஜிபி ஃபாதர் கறாராகச் சொன்னார். சூசையப்பன் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தபடி நின்றார்.

"பரிசோடதான் வருவோம், ஃபாதர்!"

"அதுக்கு ஏன் இப்படிக் கத்துறீங்க? பக்கத்துலதானே நிக்கேன்?"

சூசையப்பன் நடத்துகிற எஸ்டேட் ஆண்கள் பாடகர் குழுவில் மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லோருமே முப்பது வருஷமாகத் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற மிஷின் ஓட்டுகிறவர்கள். பாட்டுப் பயிற்சியும் அங்கேதான், ஓடுகிற மிஷின்களுக்கு நடுவில்.

"ஏலே சுவக்கீன், எங்க பாக்க? என் கையைப் பாரு! கை இறங்குனா வாய் மூடணும்!"

"பாத்துக்கிட்டுத்தான்ணே இருக்கேன்!"

தோளோடு தோள் இடித்து நின்று, ஒருவர் முதுகில் ஒருவர் விரலால் தாளம் தட்டி, போட்டிக்கு முந்தின இருபது நாளும் இதே பாடுதான். சூசையப்பன் லேசில் விடுகிற ஆளா?

போட்டி பள்ளிவாசல் என்கிற மலையூரில், தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்தில். குளிருக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். கடைசிக்கு முந்தின குழு பாடும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரையில் ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி சத்தம். பாவம், பாதிப் பேர் முந்தினார்கள், பாதிப் பேர் பிந்தினார்கள். பாட்டைப் பாதியில் விட்டு இறங்கிவிட்டார்கள்.

"மழை குறையட்டும். பத்து நிமிஷம் பொறுப்போம்!" என்று நிகழ்ச்சியை நடத்திய டிஜோ மைக்கில் அலறினார்.

அதற்குள் சூசையப்பன் தன் ஆட்களோடு மேடை ஏறியிருந்தார்.

"பொறுங்க! பொறுங்க!" பின்வரிசையிலிருந்து ஃபாதர் தொண்டை கிழியக் கத்தினார். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. இந்த வயசில் இவ்வளவு வீம்பா என்று ஃபாதருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

சூசையப்பனின் கை உயர்ந்தது. அத்தனை வாயும் ஒன்றாகத் திறந்தன. மேலே மழை என்ன கொட்டியும் ஒரு சொல் முந்தவில்லை, ஒரு சொல் பிந்தவில்லை. முன்வரிசையிலிருந்த நடுவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

முதல் பரிசுக் கோப்பையை மேடைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஃபாதர் ஓடிவந்து சூசையப்பனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"கிறிஸ்துமஸ் பூசை உங்களுக்குத்தான்! ஆனா, இந்தப் பேய்மழையில எப்படித் துணிஞ்சு ஏறுனீங்க?"

கூரையில் மழை இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. சூசையப்பன் ஃபாதரின் உதட்டையே பார்த்தார். பிறகு குழப்பத்தோடு சுவக்கீனைப் பார்த்தார். சுவக்கீன் தெரியாது என்று கையை விரித்தார்.

"மழையா? எப்ப இருந்து பெய்யுது, ஃபாதர்?"