நாலு விரல் அளவு

இந்த வருஷமாவது தன் பேர் கெடக் கூடாது என்பதுதான் பிலிப்ராஜ் சாரின் ஒரே கவலை.

போன வருஷம் மலைமேல் நடந்த கோடை விழாவின் பரிசல் போட்டிக்கு அவர்தான் நடுவர்; ஒரே மாதிரி உடைசலுக்கு ஒருவனை விலக்கி, இன்னொருவனை விட்டுவிட்டார். “ஆளப் பாத்து சட்டம் பேசுறாரு” என்று புதூர்நாட்டிலிருந்து அமிர்தி வரைக்கும் பேச்சு. அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் விசில் ஊதிய டிரில் மாஸ்டருக்கு இது தூக்கத்தைக் கெடுத்தது.

அதனால் 1979 விழாவுக்குச் சட்டத்தை எழுதியே கொண்டுவந்து, ஏரிக்கரையில் உரக்கப் படித்தார். பாய் கட்டிய பரிசல் போட்டி. ஜெயிப்பவருக்கு ஏரியில் படகோட்டும் வேலை, காக்கிச் சட்டையோடு. ஒரு பரிசல் இன்னொன்றின் மேல் மோதி, நாலு விரல் நுழைகிற ஓட்டை விழுந்தால் மோதியவர் வெளியே. அதற்குக் குறைந்தால் வெறும் கீறல், விட்டுவிடலாம்.

போட்டிக்கு வந்தவர்கள் ரங்கசாமி, சக்கரவர்த்தி, கோபால் என்று மூன்று பேர். அவர்களில் கோபால் மட்டும் கையைத் தூக்கினார்.

“யார் விரலுங்க சார்?”

“என் விரல்தான். ஆளுக்கு ஆள் அளவு மாறினா அது சட்டமாய்யா?”

கோபால் பயபக்தியோடு தலையாட்டினார். சாரின் விரல் ஒவ்வொன்றும் மொந்தன் பழம்.

சாப்பாட்டில்கூட சார் பாரபட்சம் பார்க்கவில்லை. ரங்கசாமி வீட்டில் ஒரு நாள், சக்கரவர்த்தி வீட்டில் ஒரு நாள், போட்டிக்கு முந்தின நாள் கோபால் வீட்டில். கோபாலின் மனைவி பாஞ்சாலை கேழ்வரகுக் களி போட்டாள். குழம்பு ஊற்றக் களியில் சின்னதாகக் குழி போடுவார்கள். சாரோ ஆர்வக்கோளாறில் நாலு விரலையும் அடிவரைக்கும் அழுத்தி, சூடு தாங்காமல் “ஐயோ!” என்று கையை உதறினார். அப்புறம் களியைத் தொடவே இல்லை.

மறுநாள் போட்டி தொடங்கியது. காற்று அடித்ததும் பரிசல்கள் முன்னே போகாமல் செக்கு மாடு மாதிரி சுற்றின. முன்னால் ரங்கசாமியும் சக்கரவர்த்தியும். இருவருக்கும் ஒரு பலாமரத் தகராறு வேறு பாக்கி இருந்தது.

“தள்ளிப் போடா!”

“ஏரி இன்னா உங்க அப்பன் வூட்டு சொத்தா?”

டமார்! இரண்டு பரிசலிலும் தண்ணீர் ஏறியது. கழுத்தளவுத் தண்ணீரில் இருவரும் திட்டிக்கொண்டே நடந்து கரையேறினார்கள். பரிசல்களையும் இழுத்துப் போட்டார்கள்.

“அவன்தாங்க மோதுனான்! கண்ணால பாத்தீங்களே!” என்று ரங்கசாமி குதித்தார்.

சார் சட்டைக் கையை மடித்தார். ரங்கசாமியின் பரிசல் ஓட்டையில் விரல்களை விட்டார். தைத்துப் போட்ட உறை மாதிரி கச்சிதமாக நுழைந்தன.

“சக்கரவர்த்தி வெளியே!”

“லேசா ஒரசுனதுக்கா? அவனுந்தான் என்மேல மோதுனான், என் பரிசலயும் பாருங்க சார். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

அந்தக் கேள்விக்காகத்தானே சார் ஒரு வருஷமாகக் காத்திருந்தார்! அதிலும் விரல்களை விட்டார். அதே கச்சிதம்.

“ரங்கசாமியும் வெளியே!”

கூட்டம் கை தட்டியது. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. விரலிடுக்கில் ஏதோ பிசுபிசுத்தது. ஏரிச் சேறு என்று கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அதற்குள் கோபாலின் பரிசல், பின்பக்கமாகச் சுற்றியபடியே கரை தட்டியது. காக்கிச் சட்டையை சாரே அவருக்கு மாட்டிவிட்டார்.

போட்டி முடிந்துவிட்டதால் எங்கே சாப்பிட்டாலும் குற்றமில்லை. மத்தியானம் கோபால் வீட்டிலேயே இலை போட்டார்கள்.

“ரெண்டு ஓட்டையும் ஒரே அளவு, ரெண்டு தீர்ப்பும் ஒரே அளவு. இனிமே எவனாவது என்னைப் பாரபட்சம்னு சொல்லட்டும் பாக்கலாம்!” என்றார் சார்.

கோபாலுக்கு ஏனோ புரையேறியது. பாஞ்சாலை பெருமையாகச் சிரித்துக்கொண்டே களி உருண்டையை இலையில் வைத்தாள்.

“எப்படி சார் அளவு மாறும்? நேத்து நீங்க விரல் அழுத்துன களிய அளவுக்கு எடுத்துக்கினு போய்த்தானே, இவரு அந்த ரெண்டு பரிசல்லயும் ஓட்டை அறுத்து, அதே களியால அடைச்சிட்டு வந்தாரு!”