விரலிடுக்கு

குளியலறைக் கதவைத் தாழிட்டதும் அவள் முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் வேறெதுவும் வெளியே கேட்காது. அதற்குப் பிறகுதான் துண்டுக்குள் சுருட்டி எடுத்து வந்த டியூபைப் பிரித்தாள்.

"உள்ளயே குடித்தனம் நடத்தப் போறியா? எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு." வெளியிலிருந்து கணவன் குரல் கொடுத்தான். இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் இடது காலைத் தூக்கி வைத்தாள்.

சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் ஊறி வெளுத்துப்போய் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் சிவப்பு. நேற்று இவ்வளவு சிவப்பு இல்லை. இந்த வாடையும் இல்லை. மருந்துக் கடையில் அரிப்புக்கென்று கேட்டு வாங்கிய களிம்பைப் போடப் போட அரிப்பு அடங்கியது, புண் மட்டும் அடுத்த விரலுக்குத் தாவிக்கொண்டிருந்தது.

அவளுடைய அக்காவுக்கும் இப்படி விரலிடுக்கில்தான் ஆரம்பித்தது. சர்க்கரை இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறாள். முதலில் விரல் என்றார்கள், அப்புறம் பாதம் என்றார்கள், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அக்கா இன்றைக்கும் செருப்பு வாங்கினால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பயத்தில் அவள் தன் புண்ணைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஈரத்தரையில், ரப்பர் பூட்ஸுக்குள் வெந்துகொண்டிருந்த காலை, சொல்லாமலே இழுத்துக்கொண்டு திரிந்தாள்.

கதவைத் திறந்து வெளியே வந்தபோது நடை காட்டிக் கொடுத்துவிட்டது. என்ன காலில் என்று அவன் குனிந்தான். அவள் அழுதுவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டு அவன் சிரித்தான். பஸ் டிரைவர்கள் ஓய்வறையில் பாதிப் பேருக்கு இது இருக்கிறதாம். பாதி நேரம் சொறிந்துகொண்டுதான் பேசுவார்களாம். ஆனாலும் அன்று டூட்டி முடிந்ததும், சீருடையை மாற்றக்கூட நிற்காமல், அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

நர்ஸ் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தை அவள் பார்க்கவில்லை, கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே கூப்பிட்டபோது கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

லேடி டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்து, விரல்களைப் பிரித்துப் பார்த்தார். ஓரத்துத் தோலைச் சுரண்டி, பக்கத்து அறைக்குப் போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார். அவள் கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

"கண்ணைத் திறம்மா. உனக்குச் சர்க்கரையெல்லாம் இல்ல. இது வெறும் சேத்துப்புண்ணு."

"காலை எடுக்க வேண்டாமா டாக்டர்?"

"பூட்ஸை எடுத்தாப் போதும்."

அவள் கொண்டுவந்திருந்த டியூபைப் பார்த்ததும் டாக்டருக்குக் கோபம் வந்தது. அது அரிப்பை அமுக்கிவிட்டு உள்ளே பூஞ்சையை வளர்த்துவிடுமாம். வேறு மருந்து எழுதினார். புண் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் சொன்ன நாள் வரைக்கும் போட வேண்டும், குளித்ததும் விரலிடுக்குகளை ஈரமில்லாமல் ஒற்ற வேண்டும், சாக்ஸைத் தினமும் மாற்ற வேண்டும், பூட்ஸ் உள்ளே காய்ந்த பிறகுதான் காலை விட வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்கு மூச்சு இப்போதுதான் முழுதாக வந்தது.

வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே துண்டா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றாள்.

"அப்ப நீங்களும் ஷூவைக் கழட்டுங்க சார். உங்களுக்கும் இருந்தா, இவங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும்."

அவன் சிரித்துக்கொண்டே மறுத்தான். "எனக்கு அரிப்பு இல்ல, எரிச்சல் இல்ல. காலுன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாம சுகமா ஓட்டிக்கிட்டிருக்கேன் டாக்டர்."

இதில் விளையாட்டு வேண்டாம் என்று டாக்டர் படுக்கையைக் காட்டினார். சாக்ஸ் நாற்றத்துக்குத் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டு அவன் ஏறிப் படுத்தான். கைகளைத் தலைக்குக் கீழே கோத்துக்கொண்டு மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அவளே குனிந்து லேஸை அவிழ்த்தாள். மனசு லேசாகியிருந்ததில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. இடது ஷூ கழன்றது. வலது ஷூ வரவில்லை. எதிலோ மாட்டியது போல இழுத்தது. கொஞ்சம் பலமாக இழுத்தாள், வந்துவிட்டது.

ஷூவின் உள்ளே, அடியிலிருந்து ஒரு ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தது. சாக்ஸின் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக நனைந்திருந்தது.

அவன் முகத்தில் ஒரு சுளிப்பில்லை. ஓய்வறையில் யாரோ காலைச் சொறியப் போய் நாற்காலியோடு விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

டாக்டர் அவளைப் பேச வேண்டாம் என்று கண்ணாலேயே தடுத்தார். சாக்ஸை மெல்ல உரித்தார். பெருவிரலுக்குக் கீழே இருந்த துளையின் ஓரத்தில் கையுறை போட்ட விரலை வைத்து அழுத்தினார். இன்னும் பலமாக அழுத்தினார். ரத்தம் வழிந்து படுக்கை விரிப்பில் சொட்டியது. பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய கால்விரல்கள் தானாக மடங்கின.

"வலிக்குதா சார்?"

அவன் கதையை நிறுத்திவிட்டு, கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"தொட்டுட்டுக் கேளுங்க டாக்டர்."