மேஸ்திரியின் தூக்குச்சட்டி

"மொதல்ல உங்க ஷவரை மூடுங்க சார்." கேட்டால் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று அம்மா அடக்கிவைத்ததை, வீட்டுக்காரர் சேஷகிரியிடம் பாஞ்சாலி கேட்டேவிடுகிறாள். மாடிக் குளியலறை ஒழுக்குக்கு, கீழே இவர்கள் வீட்டுக் கூரையில் சிமெண்டு பூசுகிறார் மேஸ்திரி கோவிந்தப்பா. பூசிய இடம் தொந்தியாக உப்புகிறது. நேர் கீழே, தூளியில் அக்கா குழந்தை தூங்குகிறது. "மேல தரையக் கொத்தித் தார் ஊத்தணும். இங்க பூசினா தண்ணி எங்க போவும்?" என்கிறாள் பாஞ்சாலி. "பி.ஏ.வுல கொத்து வேலையும் சொல்லித் தராங்களாம்மா?" சேஷகிரி சிரிக்கிறார். அம்மாவும் பயந்துகொண்டே சிரிக்கிறாள். மாடியில் யாரோ குளிக்கும் சத்தம் நிற்கவில்லை. மேஸ்திரி ஏணியிலிருந்து இறங்குகிறார். கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்த உப்பலுக்கு அடியில் வைத்திருந்த தன் சோற்றுத் தூக்குச்சட்டியை வாசலோரம் நகர்த்துகிறார். பாஞ்சாலி தூளிக்கு ஓடுகிறாள். குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொள்கிறாள். "எங்கடி போறே?" "வேற வீடு பார்க்க. நீயும் வெளிய வா." திரும்பிப் பாராமல் வாசல் படியிறங்குகிறாள்.