வழக்கொழிந்தது

"எரித்தல். ஒரே சொல். முடிஞ்சுது. செத்துப்போன வார்த்தைக்கு ரெண்டு வரி எதுக்கும்மா, அச்சகத்துல பக்கத்தைக் குறைங்கன்னு உசுரை வாங்கறான்..."

"சூடு போடுதல்னும் சேர்க்கணும் சார். வெறுமனே எரித்தல்னு போட்டா..."

"போட்டா என்ன? எரித்தல் எரித்தல்தான்..."

"...படிக்கிறவன் விறகைத்தான் நினைப்பான்."

எபனேசர் சார் பேனாவை மூடினார். மறுபடியும் திறந்தார்.

அவர் அகராதியின் பதிப்பாசிரியர். அவள் சீட்டு எழுதுகிறவள். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதி, சீட்டை அவர் மேசைக்கு நகர்த்தத் தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் சீட்டு அச்சுக்குப் போகும்.

இந்தச் சீட்டு காலையிலிருந்து நகரவில்லை.

அஸ்டியன். எரிப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இருந்த சொல்.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். மூன்றாவது முறை.

சார் அந்தச் சொல்லின் கதையை ஆரம்பித்தார். கதை சொன்னால் அவள் இறங்கி வந்துவிடுவாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. லத்தீனிலிருந்து வந்ததாம். நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் வைத்தியர்கள் எழுதி வைத்தார்களாம். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் புண்ணைப் பொசுக்கி மூடுவதற்கு அந்தப் பெயர். பிறகு ரசவாதிகள் பிடித்துக்கொண்டார்கள், சட்டியில் போட்டு எதையாவது சாம்பலாக்குவதற்கு. அப்புறம் வேறு சொற்கள் வந்தன. இதை யாரும் துரத்தவில்லை. கூப்பிடவும் இல்லை. எரிதலுக்கு இப்போதும் புழங்கும் கம்பஸ்டியன் என்ற சொல்லின் வயிற்றுக்குள் அந்த வம்சத்தின் மிச்சம் கொஞ்சம் கிடக்கிறது, அவ்வளவுதான்.

வைத்தியன் இரும்போடு வருவது நின்றது, சொல்லும் நின்றது என்றார்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெயில் வேப்பமரத்தைக்கூட அசையவிடவில்லை.

செத்த சொல்லுக்குச் சீட்டின் மூலையில் சிவப்பு மையில் ஒரு சிலுவை போடுவது அங்கே வழக்கம்.

"சிலுவையை நான் போட்டுக்கறேன், அது எங்க வீட்டுச் சாமான். நீங்க கையெழுத்தை மட்டும் போடுங்கம்மா."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

கைப்பேசி மறுபடியும் அதிர்ந்தது.

மகள் வல்லிதான். என்ன கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும். நேற்றே தெரியும். அதனால்தான் காலையிலிருந்து ஒரு சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

வல்லிக்கு இது இரண்டாவது பிரசவம். புகுந்த வீட்டிலேயே பார்த்தார்கள். குழந்தை பிறந்து ஆறு நாள். உடம்பெல்லாம் மஞ்சள். இரண்டு நாள் விளக்கொளியில் வைக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பச்சைப்பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் போட விடமாட்டேன் என்று மாமியார் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். மஞ்சள் கிழங்கை விளக்கில் சுட்டு, வயிற்றில் மூன்று இடத்தில் வைத்தால் இறங்கிவிடுமாம். சூடு போடுகிறவர் மூன்று மணிக்கு வருகிறார்.

இப்போது இரண்டே முக்கால்.

எடுத்தாள்.

வல்லி அழவில்லை. அழுது முடித்த குரல். வீட்டுக்காரர் அவர் அம்மா பேச்சைத் தாண்டமாட்டார் என்றாள். அத்தை ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களாம். உனக்கும் உங்கம்மா போட்டவதானே, நீ கல்லுக்குண்டாட்டம் நிக்கலையா.

"தழும்பை மறைக்கக் கூடாதுன்னு நிச்சயத்தப்பவே நீதானேம்மா சொன்னே. இப்பவும் நீயே சொல்லு. ஸ்பீக்கர்ல போடறேன்."

ஆமாம், அவள்தான் சொன்னாள். எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள், முப்பது வருடமாக. அந்தச் சூடுதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது.

வல்லிக்கு அப்போது பதினோரு மாதம். ஜன்னி கண்டு கண் செருகிக் கிடந்தது. கம்பி பழுத்ததும் யாரோ காலைப் பிடி என்றார்கள்.

பிடித்தாள்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஐந்து நாள் ஊசி. ஆறாம் நாள் பிள்ளை பால் குடித்தது. தொப்புளுக்கு மேலே வெந்த இடம்தான் சீழ் கோத்து, ஆற இரண்டு மாதம் எடுத்தது.

ஊசியை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. வல்லியிடமும்.

ஊசிதான் காப்பாற்றியது என்றால், அந்தக் கால்களை அவள் எதற்குப் பிடித்தாள்?

எபனேசர் சார் அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

ஸ்பீக்கருக்குள் குழந்தை சிணுங்கியது. பலமில்லாத சிணுங்கல். யாரோ விளக்குத் திரியைப் பற்றிக் கேட்டார்கள். மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, சொல்லுங்க சம்பந்தியம்மா என்றாள். மரியாதையாகத்தான். நீங்க பட்டுத் தெரிஞ்சவங்க, நீங்க சொன்னா சரி.

அவளுக்கு அந்த மேசையிலேயே தலையை வைத்துப் படுத்துவிடலாம் போலிருந்தது.

வல்லியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"சம்பந்தியம்மா, எம்பொண்ணு சூட்டால பொழைக்கல. நான் காலைப் பிடிச்சுப் போட்ட சூட்டையும் தாண்டித்தான் பொழைச்சா."