பெரிய படத்துக்கு ஒரு மாலை

"எப்பா, ஒரு சந்தன மாலை வேணும். பெரிய படத்துக்குப் போடணும்."

சாம்பிராணிப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்த சங்கரபாண்டியன் திரும்பிப் பார்த்தார். கடை வாசலில் மகள் இசக்கிசெல்வி நின்றாள். சாமி கும்பிடச் சொன்னால் பேருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடுகிற பெண், காலையிலேயே அப்பாவின் பூஜை சாமான் கடையைத் தேடி வந்திருக்கிறாள்!

"ஏளா, சரஸ்வதி படத்துக்கா? இன்டர்வியூ வந்ததும் பக்தியும் வந்துட்டு பாத்தியா!" என்று சிரித்தார். கொக்கியில் தொங்கியவற்றில் நல்ல நீளமான மாலையாகத் தேடி எடுத்தார். "படத்துக்கு அடியில போட சிவப்பு பல்பு. இதையும் கொண்டு போ."

செல்வி சிரிக்கவில்லை. பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பயம் இருக்காதா? டெல்லிப் பக்கம் இருக்கிற அந்தப் பல்கலைக்கழகத்தில், தொண்ணூற்றெட்டு வாங்கிய பிள்ளைகளே இடம் கிடைக்காமல் அழுதுகொண்டு திரும்புகிறார்கள். இவள் பிளஸ் டூவில் வாங்கியது அறுபத்தொரு சதவீதம். வகுப்பில் பாதிப் பேருக்கும் கீழே.

அது தன்னால் வந்த வினை என்பது சங்கரபாண்டியனுக்குத் தீராத வருத்தம். பரீட்சை சமயம் பார்த்து நெஞ்சுவலியில் விழுந்தார். ஐசியு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து படித்து, அங்கிருந்தே பரீட்சைக்குப் போனாள் செல்வி. அவர் பிழைத்துவிட்டார். மார்க்தான் பிழைக்கவில்லை.

அப்படியும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால், அவருக்கே நம்ப முடியவில்லை.

"மார்க் ஏன் கொறஞ்சுதுன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"அதெல்லாம் அப்ளிகேஷன்லயே எழுதிட்டேம்ப்பா. அதைப் படிச்சிட்டுத்தான் கூப்பிட்டிருக்காங்க."

"எனக்கு மேலுக்கு முடியாமப் போனத எழுதுனியா?"

"ம்." மாலையைப் பைக்குள் திணித்தாள். "எப்பா, லேப்டாப்புல இன்டர்வியூ முடியட்டும், மத்தியானம் வரைக்கும் வீட்டுப் பக்கம் வந்திராதீங்க. அம்மாவயும் ஏரல் கோயிலுக்கு அனுப்பிட்டேன்."

"ஏன், இந்தக் கடைக்காரன் மூஞ்சியப் பாத்தா சீட்டு குடுக்க மாட்டாங்களோ?"

விளையாட்டாகத்தான் கேட்டார். செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்படிப் பேசாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

மகள் சொன்ன சொல்லைத் தட்டாமல் அவரும் கடையிலேயே இருந்தார். ஆனால் மனசு கடையில் இல்லை. ஊதுபத்தி கேட்டவரிடம் கற்பூரத்தை எடுத்து நீட்டினார்.

"என்ன அண்ணாச்சி, நெனப்பு எங்கன இருக்கு?"

"பிள்ளைக்கு இன்டர்வியூ நடக்கு வே. கம்ப்யூட்டர்லயே பேசுதாவ. அதுல ஒரு டீச்சரம்மா நம்ம தமிழாம்."

சொல்லி வாய் மூடவில்லை, கடையில் கரண்ட் போய்விட்டது.

வீட்டிலும் போயிருந்தால் வைஃபை நின்றிருக்குமே! செல்விக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தாள்.

தன் செல்போனில் நெட் இருக்கிறது, அதை வைத்தாவது பேசட்டும் என்று தோன்றியது. பக்கத்துக் கடைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஓடக் கூடாது, பதறக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் மறந்துபோனது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு நடுவே புகுந்து மில்லர்புரத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

முன்வாசல் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பின்பக்கமாகச் சுற்றி, அடுக்களை வழியாக மூச்சு வாங்கக் கூடத்துக்குள் நுழைந்தார்.

"ஏளா, கரண்டு இருக்கா?"

லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த செல்வியின் முதுகு விறைத்தது. அவள் திரும்பவில்லை. மின்விசிறி நின்றிருந்தது. ஐயோ, போச்சே என்று பதறியவர் கண்ணில், அவளுக்குப் பின்னால் சுவரில் எரிந்த சிவப்பு பல்பு பட்டது. அப்பாடா, கரண்ட் இருக்கிறது! சத்தம் கேட்கக் கூடாது என்று விசிறியை நிறுத்தியிருக்கிறாள்.

பல்புக்கு மேலே, காலையில் அவர் எடுத்துக் கொடுத்த சந்தன மாலை தொங்கியது.

மாலைக்கு நடுவில் சரஸ்வதி இல்லை. போன தீபாவளிக்கு எடுத்த போட்டோவில், நெற்றி நிறையத் திருநீறோடு சங்கரபாண்டியன் சிரித்துக்கொண்டிருந்தார்.

லேப்டாப்பிலிருந்து ஒரு பெண் குரல் தமிழில் கேட்டது. "செல்வி, உங்க பின்னால நிக்கிறது யாரு? உங்க அப்பா போட்டோவுல இருக்கிற மாதிரியே இருக்காரே?"

செல்வி திரும்பி அவரைப் பார்த்தாள்.

அவருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐசியு வாசலில், மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளைதான் கண்ணுக்குள் நின்றது. லேப்டாப்பைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நான் இவ பெரியப்பாம்மா... தம்பி போனதுல இருந்து பிள்ளைய நாந்தான் பாத்துக்கிடுதேன்."